ஓபியோலைட் பாறைத் தொகுதிகளின் பிறப்பிடம்: கட்டமைப்புச் சான்றும் வேதிச் சான்றும்

ஆய்வுச் சுருக்கம்

கண்டங்களின் மலைத்தொடர்களில் காணப்படும் ஓபியோலைட் தொகுதிகள் மறைந்துபோன பெருங்கடல்களின் அடித்தளத் துண்டுகள் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்தாகும். ஆனால் அவை கடலின் எந்தப் பகுதியில் பிறந்தவை என்பதில் பாறைகளின் அடுக்கமைப்பு ஒரு விடையும், அவற்றின் வேதி இயைபு வேறொரு விடையும் தருகின்றன. சைப்ரஸின் ட்ரூடோஸ், ஓமனின் செமைல் ஆகிய தொகுதிகளை முதன்மைச் சான்றுகளாகக் கொண்டு, இம்முரண் எழுந்த வரலாற்றையும் அது பெருமளவு தீர்ந்த முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது. நிலத்தில் எஞ்சியுள்ள ஓபியோலைட்டுகளை எல்லாக் கடலடிக்கும் பொதுவான மாதிரியாகக் கொள்ளலாகாது என்பது இதன் கருதுகோள். தமிழ்நாட்டின் காவிரிப் பொருத்து மண்டலத்தில் இனங்காணப்பட்ட தொகுதிகளுக்கு இக்கருதுகோள் எவ்வாறு பொருந்தும் என்பதும் நோக்கப்படுகிறது.

திறவுச் சொற்கள்: ஓபியோலைட், ட்ரூடோஸ், செமைல், அடுக்கு டைக், அமிழ்தல் மண்டலம், போனினைட், மேலேற்றம், காவிரிப் பொருத்து மண்டலம்

முன்னுரை

பெருங்கடலின் அடித்தளப் பாறைக்கு ஆயுள் குறைவு. இன்றைய பெருங்கடல்களின் அடியில் உள்ள பாறையில் மிகப் பெரும்பகுதி 20 கோடி ஆண்டுக்கு உட்பட்டது. அதற்கு முந்திய கடலடி ஏறத்தாழ முழுவதும் அகழிகளின் வழியே புவியின் உட்பகுதிக்குத் திரும்பிவிட்டது. கண்டங்களிலோ 400 கோடி ஆண்டுப் பழமையுடைய பாறைகளும் உள்ளன. எனவே பழங்கடல்களைப் பற்றி அறிய விழைவோருக்கு, நிலத்தின் விளிம்புகளில் சிக்கித் தங்கிய துண்டுகளே பெரிதும் துணையாகின்றன.

இன்றைய கடலடியைத் துளையிட்டு அறிவதும் எளிதன்று. கிழக்குப் பசிபிக்கில் 504பி என எண்ணிடப்பட்ட துளை, பல பயணங்களில் தொடர்ந்து ஆழப்படுத்தப்பட்டு, கடலடிக்குக் கீழே 2,111 மீட்டரை எட்டியது. அப்போதும் அது கேப்ரோ பாறையைத் தொடவில்லை. 1256டி என்னும் துளையே 2005ஆம் ஆண்டில், ஏறத்தாழ 1.4 கி.மீ. ஆழத்தில், லாவாவையும் டைக்குகளையும் முழுவதும் கடந்து கேப்ரோவை முதன்முதலில் அடைந்தது. முழுமையான கடலடி ஓட்டை ஊடுருவி அதன் கீழுள்ள கவசத்தை எட்டிய துளை இன்றுவரை இல்லை. ஓமனிலோ சைப்ரஸிலோ இந்த எல்லையை ஆய்வாளர் நடந்தே கடக்கலாம். கடலடி ஓட்டின் தடிப்பு, மாக்மா தங்கும் அறைகளின் வடிவம், வெந்நீர்ச் சுழற்சி ஆகியவை பற்றிப் பாடநூல்களில் இடம்பெறும் செய்திகளுள் பல, இவ்வாறு நிலத்தில் நடந்து கண்டவற்றிலிருந்து பெறப்பட்டவை. ஆகவே அத்துண்டுகள் எங்கே பிறந்தவை என்னும் வினா, அவற்றை மட்டும் சார்ந்த சிறு வினாவன்று. அவை தனித்தன்மை வாய்ந்த ஓரிடத்தில் பிறந்தவையாயின், அவற்றிலிருந்து உலகின் எல்லாக் கடலடிக்கும் விரித்துரைத்த முடிபுகளை மறுபடி எடைபோட வேண்டியிருக்கும்.

பெயரும் பொருளும்

ஓபியோலைட் என்னும் சொல்லை 1813இல் ஆண்டவர் பிரெஞ்சு அறிஞர் அலெக்சாண்டர் பிரோங்னியார். கிரேக்க மொழியில் 'ஓபிஸ்' என்பது பாம்பு. 'லித்தோஸ்' என்பது கல். செர்பென்டினைட் பாறையின் பசுமையும் கருமையும் கலந்த வழுவழுப்பான மேற்பரப்பு பாம்பின் தோலை ஒத்திருப்பதே பெயர்க் காரணம். தமிழில் இதனைப் 'பாம்புக்கல்' எனப் பெயர்க்கலாமே என்று தோன்றக்கூடும். ஆனால் நஞ்சை உறிஞ்சி முறிக்கும் கல் என்று நம்பப்படும் பொருளுக்கு அச்சொல் முன்பே வழங்கிவருவதால், ஒலிபெயர்ப்பே இங்குக் குழப்பத்தைத் தவிர்க்கிறது.

தொடக்கத்தில் ஒரு பாறையின் பெயராக இருந்த சொல்லை, 1821இல் பிரோங்னியாரே இத்தாலியின் அப்பினைன் மலைகளில் சேர்ந்து காணப்பட்ட பாறைக் கூட்டத்துக்கு விரித்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியரான குஸ்டாவ் ஸ்டைன்மன், செர்பென்டினைட், பசால்ட் வகைப் பாறைகள், ரேடியோலேரியா என்னும் நுண்ணுயிரிகளின் கூடுகளால் ஆன செர்ட் ஆகிய மூன்றும் ஒருங்கே தோன்றுவதை வலியுறுத்தினார். இது பின்னர் 'ஸ்டைன்மன் மும்மை' எனப் பெயர் பெற்றது. செர்ட் ஆழ்கடல் படிவு என்பதை அவர் சரியாகவே உணர்ந்திருந்தார். எனினும் செர்பென்டினைட்டின் மூலப் பாறை, கடலடிப் படிவுகளுக்குள் உருகிய நிலையில் புகுந்து குளிர்ந்ததென்றே அவர் காலத்து அறிஞர் கருதினர்.

இக்கருத்துக்கு ஒரு நடைமுறை இடர் இருந்தது. செர்பென்டினைட், ஒலிவின் மிகுந்த பெரிடோட்டைட் பாறை நீருடன் வினைபுரிந்து மாறுவதால் உண்டாவது. பெரிடோட்டைட் உருகிய நிலையில் இருக்க மிக உயர்ந்த வெப்பம் தேவை. அத்தகைய குழம்பு படிவுகளுக்குள் புகுந்திருப்பின், அதைச் சூழ்ந்த பாறைகள் வெந்து உருமாறியிருக்க வேண்டும். களத்தில் அவ்வாறு வெந்த தடம் பெரும்பாலும் காணப்படவில்லை. நீர் கலந்திருந்தால் குறைந்த வெப்பத்திலேயே அக்குழம்பு நிலவியிருக்கும் என ஹாரி ஹெஸ் வாதிட்டார். அதை ஆய்வுக்கூடத்தில் சோதித்த நார்மன் போவனும் டட்டிலும், அத்தகைய குறைவெப்பக் குழம்பு உருவாக இயலாதென 1949இல் காட்டினர். அவ்வாறாயின் பெரிடோட்டைட் உருகி வந்ததன்று. திண்ம நிலையிலேயே இடம்பெயர்ந்து வந்த கவசத் துண்டு என்னும் முடிபே எஞ்சியது. 1950களின் இறுதியில் டி ரோவர் இதை முன்மொழிந்தபோது, கவசத் துண்டு எவ்வாறு மலைமேல் ஏறும் என்பதற்கு விளக்கம் தரும் கோட்பாடு எதுவும் இருக்கவில்லை.

ட்ரூடோஸ்: தலைகீழாக ஏறும் மலை

சைப்ரஸ் தீவின் நடுவே எழும் ட்ரூடோஸ் மலையின் உச்சி ஒலிம்பஸ். அதன் உயரம் 1,952 மீட்டர். பொதுவாக ஒரு மலையில் கீழிருந்து மேலே செல்வோர் பழைய பாறையிலிருந்து புதிய பாறைக்குச் செல்வர். இங்கு அது தலைகீழ். அடிவாரத்தில் ஆழ்கடல் படிவுகளும் தலையணை லாவாவும் உள்ளன. மேலே ஏற ஏற டைக்குகள், பின்னர்க் கேப்ரோ எனப் பாறை மாறி, உச்சியை நெருங்கும்போது கவசத்தைச் சேர்ந்த பெரிடோட்டைட்டும் செர்பென்டினைட்டும் வெளிப்படுகின்றன. குவிமாடம்போல் மேலெழுந்த தொகுதியின் நடுப்பகுதியை அரிப்பு ஆழமாகத் திறந்துவிட்டதால், மிக அடியிலிருந்த பாறை மிக உயரத்தில் காட்சியளிக்கிறது. மலையிலிருந்து இறங்குபவர் உண்மையில் கவசத்திலிருந்து கடலடி நோக்கி ஏறுகிறார்.

இவ்வடுக்கில் வினாவின் திறவுகோல் டைக் பகுதியில் உள்ளது. டைக் என்பது, பிளவு வழியே மேலேறிய மாக்மா அப்பிளவிலேயே உறைந்து சுவர்போல் நிற்பது. வேறு எரிமலைப் பகுதிகளில் டைக்குகள் ஏதேனும் ஒரு பழைய பாறையை ஊடுருவி நிற்கும். இரு டைக்குகளுக்கு இடையே அப்பழைய பாறை தென்படும். ட்ரூடோஸின் அடுக்கு டைக் பகுதியில் அவ்வாறில்லை. புத்தக அலமாரியில் நூல்களை நெருக்கி வைத்ததுபோல், டைக்கை ஒட்டி டைக், அதனை ஒட்டி இன்னொரு டைக் எனப் பல கி.மீ. தொலைவுக்குச் செல்கிறது. பல இடங்களில் பாறையின் 90 விழுக்காட்டுக்கு மேல் டைக்குகளே. ஊடுருவப்பட்ட மூலப் பாறை எங்கே என்று தேடினால், அதுவும் டைக்காகவே இருக்கிறது.

இதன் பொருளை எளிய கணக்கால் உணரலாம். ஒரு மீட்டர் அகலமுள்ள டைக் புகவேண்டுமானால் நிலம் ஒரு மீட்டர் விலகவேண்டும். பாறை முழுதும் டைக்காயின், அவ்வகலம் முழுதும் நிலம் விலகியதால் உண்டான புதுநிலம். இது பெருங்கடல் நடுவில் இரு புவித்தட்டுகள் விலகும் இடத்தில் எதிர்பார்க்கத்தக்கதே. டைக்குகளின் ஓரங்கள் இதனை மேலும் உறுதிசெய்தன. சூடான மாக்மா குளிர்ந்த பாறையைத் தொடும் ஓரம் விரைவில் உறைந்து நுண்மணிகளாகும். ஒரு டைக்கின் நடுவே புதிய டைக் புகுந்து அதனைப் பிளந்தால், பழைய டைக்கின் ஒரு பாதி ஒரு பக்கமும் மறுபாதி மறுபக்கமும் விலகிப் போகும். ஒவ்வொரு பாதியிலும் ஓர் ஓரத்தில் மட்டுமே உறைவிளிம்பு எஞ்சும். கிட், கேன் ஆகியோர் இத்தகைய ஒருபக்க உறைவிளிம்புகளை எண்ணி, அவை ஒரு திசையில் மிகுந்திருப்பதை 1974இல் எடுத்துக்காட்டினர்.

இதற்கு முன்பே, இயன் காஸ் சைப்ரஸில் செய்த களப்பணியையும் ஈர்ப்பு அளவீடுகளையும் கொண்டு, ட்ரூடோஸ் இடைஉயிரூழிக் கடலடியின் துண்டாகலாம் என 1968இல் எழுதியிருந்தார். 1971இல் எல்ட்ரிட்ஜ் மூர்ஸும், கடலடிக் காந்தப் பட்டைகளின் விளக்கத்தால் அறியப்பட்ட ஃபிரெட் வைனும் இதனை விரிவான வாதமாக்கினர். தட்டு நகர்வுக் கோட்பாடு நிலைபெற்றுவந்த காலம் அது. நிலநடுக்க அலைகளால் மட்டும் அறியப்பட்டிருந்த கடலடி அடுக்குகளுக்கு ஒத்த பாறை வரிசை நிலத்தில் கிடைத்தது அக்கோட்பாட்டுக்குப் பெரும் வலுவூட்டியது.

1972ஆம் ஆண்டின் வரையறை

1972 செப்டம்பரில் நடைபெற்ற பென்ரோஸ் மாநாடு ஓபியோலைட்டுக்கு இன்றும் மேற்கோளாக ஆளப்படும் வரையறையைத் தந்தது. அடியில் பெரிடோட்டைட் முதலிய மீக்காரப் பாறைகள், அதன்மேல் கேப்ரோ, அதன்மேல் அடுக்கு டைக், அதன்மேல் பெரும்பாலும் தலையணை வடிவமுள்ள லாவா என்னும் வரிசையை அது விவரித்தது. செர்ட் முதலிய படிவுகள், குரோமைட் திரள்கள், சோடியம் மிகுந்த வெளிர்நிறப் பாறைகள் ஆகியவற்றை உடன்தோன்றும் பாறைகளாகச் சேர்த்தது. வரிசை முழுமையாக இல்லாத, சிதைந்த தொகுதிகளுக்கும் அது இடமளித்தது. ஓபியோலைட் என்பது ஒரு தனிப் பாறையின் பெயரன்று, பாறைக் கூட்டத்தின் பெயர் என்பதையும் தெளிவுபடுத்தியது.

அந்த அறிக்கையில் பலர் கவனியாது கடக்கும் குறிப்பொன்று உண்டு. ஓபியோலைட் பொதுவாகக் கடலடி ஓடும் கவசமும் எனக் கருதப்பட்டாலும், சொல்லை ஆளும்போது அதன் பிறப்பிடம் பற்றிய கருத்து அதில் கலவாதிருக்க வேண்டும் என்பதே அது. வரையறுத்தோர் விதித்த இந்த எல்லையைப் பின்வந்தோர் பேணவில்லை. ஓபியோலைட் என்றால் நடுப்பெருங்கடல் மலைத்தொடரில் பிறந்த கடலடி என்னும் சமன்பாடு விரைவில் வகுப்பறைகளில் நிலைத்தது. சான்று அந்த அளவுக்குப் பேசவில்லை. விலகல் நடந்தது என்பதையே டைக்குகள் கூறின. எந்தக் கடலின் எந்த இடத்தில் நடந்தது என்பதை அவை கூறவில்லை.

மியாஷிரோவின் மறுப்பு

மறுப்பு அடுத்த ஆண்டே வந்தது. ஜப்பானிய அறிஞர் அகிஹோ மியாஷிரோ, ட்ரூடோஸ் லாவாக்கள், டைக்குகள் ஆகியவற்றின் வெளியிடப்பட்ட வேதிப் பகுப்புகளை ஆராய்ந்து, அத்தொகுதி எரிமலைத் தீவு வில் ஒன்றில் உருவாகியிருக்கவே வாய்ப்புண்டு என 1973இல் எழுதினார். ஜப்பான் போன்ற தீவு வில்கள், ஒரு தட்டு மற்றொன்றின் கீழ் அமிழும் இடத்தில் எழுபவை. இதனை ஏற்றால், தட்டுகள் விலகும் இடத்துக்குச் சான்றாகக் காட்டப்பட்ட தொகுதி, தட்டுகள் நெருங்கும் இடத்தைச் சேர்ந்ததாகிவிடும். கடும் எதிர்ப்பு எழுந்ததில் வியப்பில்லை.

எதிர்ப்பாளர் கூற்றில் நியாயமான பகுதி ஒன்றிருந்தது. கடலடி லாவா பல இலட்சம் ஆண்டுகள் வெந்நீரில் ஊறியது. சோடியம், பொட்டாசியம், சிலிக்கா முதலியன அந்நீரால் கரைந்தும் சேர்ந்தும் மாறக்கூடியவை. மாறிய பாறையின் சிலிக்கா அளவைக் கொண்டு பிறப்பிடம் கூறுவது பிழையாகலாம். இவ்விடரைக் கடக்க, நீரால் எளிதில் பெயராத டைட்டேனியம், சிர்க்கோனியம், இட்ரியம் போன்ற தனிமங்களை நாடும் முறை வளர்ந்தது. இம்முறையை நிறுவியதில் ஜூலியன் பியர்ஸுக்கும் கேனுக்கும் பெரும்பங்கு உண்டு. ஒருபக்க உறைவிளிம்பை எண்ணி விலகலை நிறுவிய கேன், வேதிமுறையிலும் முன்னோடியாக விளங்கியது நோக்கத்தக்கது.

புதிய முறையும் மியாஷிரோவின் பக்கமே சாய்ந்தது. அமிழும் தட்டிலிருந்து வெளியேறும் நீர், மேலுள்ள கவசத்தின் உருகுநிலையைத் தாழ்த்துகிறது; தோரியம், பேரியம் முதலியவற்றைச் சுமந்து மேலேற்றுகிறது; நியோபியம், டாண்டலம் ஆகியவற்றை விட்டுச்செல்கிறது. ஆகவே தோரியம் மிகுந்து நியோபியம் குறைந்த லாவா, அமிழ்தல் மண்டலத்தின் கைரேகை எனலாம். ட்ரூடோஸில் அக்கைரேகை உண்டு. 1980களில், மாற்றமடையாத எரிமலைக் கண்ணாடித் துணுக்குகள் அங்குக் கண்டறியப்பட்டபோது ஐயம் மேலும் குறைந்தது. அவற்றில் ஏறத்தாழ 2 விழுக்காடு நீர் கலந்திருந்தது. நடுப்பெருங்கடல் லாவாவில் அது மிகச் சிறிய அளவே. தொகுதியின் மேற்பகுதியில் போனினைட் வகை லாவாவும் இனங்காணப்பட்டது. சிலிக்காவும் மக்னீசியமும் ஒருசேர மிகுந்து டைட்டேனியம் மிகக் குறைந்த இப்பாறை, ஏற்கெனவே உருகி வற்றிய கவசம் நீரின் துணையால் மறுமுறை உருகினால் உண்டாவது.

இவ்வாறு, கட்டமைப்பு 'விலகல்' என்றது. வேதியியல் 'அமிழ்தல்' என்றது. இரண்டுமே பிழையற்ற சான்றுகள். 1984இல் பியர்ஸும் உடனாய்வாளர்களும் முன்வைத்த 'அமிழ்தல் மண்டலத்துக்கு மேற்பட்ட ஓபியோலைட்' என்னும் வகைப்பாடு இவ்விரண்டையும் ஒரே இடத்தில் பொருத்தும் முயற்சியாகும்: அமிழும் தட்டுக்கு மேலேயே கடலடி விலகியது என்பது அதன் சாரம். அவ்வாறு நிகழும் இடம் இன்று எங்குள்ளது, அது ஏன் நிகழ்கிறது என்னும் வினாக்கள் தொடர்ந்தன.

செமைல்: வயது தரும் சான்று

ஓமனிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் ஏறத்தாழ 500 கி.மீ. நீளத்துக்குப் பரந்துள்ள செமைல் தொகுதி, உலகின் ஓபியோலைட்டுகளுள் மிகப் பெரிதும் நன்கு வெளிப்பட்டதும் எனப் போற்றப்படுகிறது. கடலடி எவ்வாறு கண்டத்தின் மேல் ஏறியது என்பதற்கு இங்கேதான் தெளிவான விடை உண்டு. இவ்வேற்றத்துக்கு ராபர்ட் கோல்மன் 1971இல் ஒரு கலைச்சொல்லை வகுத்தார். அதனைத் தமிழில் 'மேலேற்றம்' எனலாம்.

செமைல் பெரிடோட்டைட்டின் அடியில், ஒட்டிய மெல்லிய தகடுபோல உருமாறிய பாறை ஒன்றுள்ளது. காலணியின் அடித்தோல் போன்றிருப்பதால் ஆய்வாளர் அதனை 'அடித்தோல்' என்றே வழங்குவர். அதில் வெப்பத்தின் வரிசை தலைகீழாக உள்ளது: மேற்பகுதி 800 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெந்தது, கீழே செல்லச் செல்ல வெப்பம் குறைந்தது. அடுப்பின்மேல் வைத்த கலம் அடியில்தான் சூடேறும். இங்கோ சூடு மேலிருந்து வந்துள்ளது. மேலேயிருந்த கவசம் இன்னும் ஆறாத நிலையில், கீழே புகுந்த குளிர்ந்த கடலடிப் பாறையை அது வேகவைத்தது.

வயதும் இதையே கூறுகிறது. செமைலின் கேப்ரோவிலும் அதனோடு சேர்ந்த வெளிர்நிறப் பாறைகளிலும் உள்ள சிர்க்கான் மணிகள் 9.6 கோடி ஆண்டு முதல் 9.5 கோடி ஆண்டு வரையான வயதைத் தருகின்றன. அடித்தோலின் பெரும்பாலான வயதுகளும் இவற்றை ஒட்டியே அமைகின்றன. பழைய பெருங்கடல் ஒன்றின் எங்கோ பிறந்த ஓடு, பின்னாளில் கண்டத்தை அடைந்து மேலேறியிருந்தால், பிறப்புக்கும் ஏற்றத்துக்கும் இடையே பல கோடி ஆண்டு இடைவெளி தெரியவேண்டும். அவ்விடைவெளி இல்லை. கடலடி பிறந்தபோதே அதன் கீழே மற்றொரு தட்டு அமிழ்ந்துகொண்டிருந்தது. அடித்தோலில் உள்ள கார்னெட் மணிகளின் வயது ஏறத்தாழ 10.4 கோடி ஆண்டு என 2018இல் வெளியான கணிப்பு, அமிழ்தல் இதற்கும் முன்பே தொடங்கியதாகக் காட்டுகிறது. தட்டு தன் எடையால் தானே அமிழத் தொடங்கியதா, தொலைவிலிருந்து வந்த அழுத்தத்தால் அமிழ்த்தப்பட்டதா என்னும் விவாதம் இவ்வயது வேறுபாட்டைச் சுற்றியே நடைபெறுகிறது.

மேலேற்றம் என்னும் சொல்லும் ஒருவகையில் கண்ணை மறைக்கிறது. எடைமிகுந்த கடலடியைக் கண்டத்தின்மேல் தூக்கி வைக்கும் விசை எது என்று நெடுங்காலம் தேடப்பட்டது. உண்மையில் கடலடி பெரிதும் உயர்த்தப்படவில்லை. கண்டமே அதன் கீழ் நுழைந்தது. அமிழும் தட்டின் வாலில் அரேபியக் கண்டத்தின் விளிம்பு இணைந்திருந்தது. கடல் முழுதும் அமிழ்ந்து முடிந்ததும் அவ்விளிம்பு அகழிக்குள் இழுக்கப்பட்டது. கண்டப் பாறை எடை குறைந்ததாதலால் ஆழத்தில் தங்கவில்லை. மீண்டும் மிதந்தெழுந்து, தன்மேல் படிந்திருந்த கடலடியையும் சுமந்துவந்தது. மஸ்கட்டுக்குத் தென்கிழக்கே அஸ் சிஃபா கடற்கரையில் உள்ள எக்லோகைட் பாறைகள், அவ்வாறு பல பத்துக் கி.மீ. ஆழம் சென்று திரும்பிய கண்ட விளிம்பின் எச்சங்கள். அவற்றின் உருமாற்ற வயது ஏறத்தாழ 8 கோடி ஆண்டு.

இவ்விளக்கத்திலிருந்து ஒரு முக்கிய முடிபு பெறப்படுகிறது. அகழியில் இரு தட்டுகள் சந்திக்கும்போது, கீழ்த்தட்டின் கடலடி புவிக்குள் போய்விடுகிறது. மேல்தட்டின் அகழியோர விளிம்பே கண்டத்தின்மேல் அமரும் வாய்ப்பைப் பெறுகிறது. நடுப்பெருங்கடலில் பிறந்த ஓடு, அகழியை அடையும்போது ஆறி எடை கூடி, கீழ்த்தட்டின் பகுதியாகவே பெரும்பாலும் வந்துசேர்கிறது. ஆகவே அது எஞ்சுவது அரிது. நிலத்தில் கிடைக்கும் ஓபியோலைட்டுகளுள் பெரும்பாலானவை அமிழ்தல் மண்டலத்தின் கைரேகையைத் தாங்கியிருப்பதன் காரணம் இதுவே. ட்ரூடோஸ் 9.2 கோடி ஆண்டு, செமைல் 9.6 கோடி ஆண்டு, அந்தமான் தீவுகளின் ஓபியோலைட் ஏறத்தாழ 9.5 கோடி ஆண்டு என, மறைந்த டெதிஸ் கடலின் நெடுகிலும் வயதுகள் நெருங்கி நிற்பதும் இப்பின்னணியில் பொருள்படுகிறது.

போனின் தீவுகளின் முன்வில்

இன்றைய கடலில் இதற்கு ஒப்பான இடம், போனினைட்டுக்குப் பெயர் தந்த போனின் தீவுகளை ஒட்டியே கிடைத்தது. ஜப்பானுக்குத் தெற்கே இசு, போனின், மரியானா தீவுகளின் வரிசையில், எரிமலைகளுக்கும் அகழிக்கும் இடைப்பட்ட பகுதி முன்வில் எனப்படும். அங்குக் கடலடியில் எடுத்த மாதிரிகளும், 2014இல் சர்வதேசப் பெருங்கடல் கண்டுபிடிப்புத் திட்டத்தின் 352ஆம் பயணம் இட்ட துளைகளும், நடுப்பெருங்கடல் பசால்ட்டை ஒத்த முன்வில் பசால்ட்டையும் அதனைத் தொடர்ந்த போனினைட்டையும் வெளிக்கொணர்ந்தன. பசால்ட்டின் வயது ஏறத்தாழ 5.2 கோடி ஆண்டு. பசிபிக் தட்டு அங்கு அமிழத் தொடங்கிய காலமும் அதுவே. புதிதாக அமிழும் தட்டு கீழ்நோக்கிச் சரியும்போது மேல்தட்டின் விளிம்பு இழுபட்டு விலகுகிறது. அவ்விடைவெளியில் புதிய கடலடி பிறக்கிறது. முதலில் நீரற்ற உருகல் பசால்ட்டைத் தருகிறது. அமிழும் தட்டின் நீர் வந்துசேர்ந்ததும் போனினைட் தோன்றுகிறது.

செமைலிலும் இதே வரிசை உண்டு: கீழ் லாவா நடுப்பெருங்கடல் பசால்ட்டை நெருங்கியது, மேல் லாவா வில்லின் இயல்பையும் போனினைட் இயல்பையும் காட்டுவது. கீழ் லாவாவை மட்டும் ஆய்ந்தோர் ஒன்றும், மேல் லாவாவை ஆய்ந்தோர் வேறொன்றும் கூறிவந்தது இதனால் விளங்குகிறது. எனினும் ஒப்புமை முழுமையானதன்று. 352ஆம் பயணத்தில் பசால்ட் அகழியை ஒட்டியும், போனினைட் அதனின்று விலகி மேற்சரிவிலும் கிடைத்தன; ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே துளையில் அடுக்கப்பட்டிருக்கவில்லை. ஓபியோலைட்டில் செங்குத்தாகத் தெரியும் வரிசை, கடலில் பக்கவாட்டில் விரிந்துள்ளது.

விதிவிலக்குகள்

நடுப்பெருங்கடலில் பிறந்த ஓபியோலைட்டே இல்லை என்று கூறலாகாது. நியூசிலாந்துக்கும் அண்டார்க்டிகாவுக்கும் இடையே உள்ள மக்குவாரி தீவு, நடுப்பெருங்கடல் முகட்டில் உருவான ஓடு கடலின் நடுவிலேயே மேலெழுந்து நிற்கும் அரிய இடம். அதன் புவியியல் சிறப்புக்காக 1997இல் உலக மரபுச் சின்னமாக அது அறிவிக்கப்பட்டது.

மற்றொரு விதிவிலக்கு, பெயர் பிறந்த இத்தாலிய மண்ணிலேயே உள்ளது. லிகுரியப் பகுதியின் ஓபியோலைட்டுகளில் அடுக்கு டைக் வரிசை இல்லை. பல இடங்களில் செர்பென்டினைட்டின் மேல் லாவாவும் இல்லாமல் செர்ட் நேரடியாகப் படிந்துள்ளது. 1972 வரையறையின்படி இவை சிதைந்த தொகுதிகள் என ஒதுக்கப்பட்டன. மலையாக்கத்தின்போது இடை அடுக்குகள் நழுவிப் போயின எனக் கருதப்பட்டது. ஆனால் அட்லாண்டிக்கின் மெதுவாக விலகும் முகட்டில், மாக்மா போதாத இடங்களில் கவசமே கடலடியாக வெளிப்பட்டிருப்பது பின்னர் அறியப்பட்டது. அத்தகைய அட்லாண்டிஸ் மாசிஃப்பில் 2023ஆம் ஆண்டு பெரும்பகுதி பெரிடோட்டைட் ஊடாக 1,268 மீட்டர் துளையிடப்பட்டது. லிகுரியத் தொகுதிகளில் எதுவும் நழுவவில்லை. தொடக்கத்திலேயே அவை அவ்வாறே இருந்தன என லகாப்ரியேலும் கன்னாவும் 1990இல் எழுதியிருந்தனர். பிரோங்னியாரும் ஸ்டைன்மனும் கண்ட மூலத் தொகுதி, 1972இன் முழுமை இலக்கணத்துக்குப் பொருந்தாது போனது பாறையின் குறையன்று. ஒரே ஒரு வகைக் கடலடியை அளவுகோலாக்கியதன் விளைவு அது. டிலெக், ஃபுர்னெஸ் ஆகியோர் 2011இல் தந்த வகைப்பாடு, அமிழ்தலோடு தொடர்புடையவை, தொடர்பற்றவை என இரு பெரும் பிரிவுகளைக் கொள்வது இதனாலேயே.

தொல்பாறைகளும் காவிரிப் பொருத்து மண்டலமும்

வரையறை பற்றிய இவ்விவாதம் மிகப் பழைய பாறைகளை அணுகும்போது கூர்மையடைகிறது. கனடாவின் புர்டுனிக் தொகுதி ஏறத்தாழ 200 கோடி ஆண்டும், பின்லாந்தின் யோர்முவா 195 கோடி ஆண்டும் பழமையானவை. அதற்கு முந்தியதென ஒரு தொகுதி அறிவிக்கப்படும்போதெல்லாம், அக்காலத்திலேயே தட்டு நகர்வு இருந்தது என்னும் பெரிய முடிபும் உடன் வருகிறது. சீனாவின் டோங்வான்சி தொகுதி 250 கோடி ஆண்டுப் பழமையான முழு ஓபியோலைட் என 2001இல் அறிவிக்கப்பட்டது. அதன் சில பகுதிகள் மிக இளமையானவை எனப் பின்னைய வயதுக் கணிப்புகள் காட்டின.

தமிழ்நாட்டில் இவ்வினா காவிரிப் பொருத்து மண்டலத்தில் எழுகிறது. பழைய கண்டத் துண்டுகள் இணைந்த இடமாகப் பலராலும் கருதப்படும் இம்மண்டலத்தில், மணமேடு தொகுதியை அமிழ்தல் மண்டலத்துக்கு மேற்பட்ட ஓபியோலைட் என யெல்லப்பா, செட்டி, சுனோகே, சந்தோஷ் ஆகியோர் 2010இல் விவரித்தனர். பின்னர்த் தேவனூர் தொகுதியும் அவ்வாறே விளக்கப்பட்டது. முன்னதன் வயது ஏறத்தாழ 70 முதல் 80 கோடி ஆண்டு. பின்னது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. இவ்விளக்கங்கள் சரியாயின், ஒரே மண்டலத்தில் 170 கோடி ஆண்டு இடைவெளியில் இரு கடல்கள் மூடியிருக்க வேண்டும். இம்மண்டலத்தைப் பொருத்தாகக் கொள்ளாது, பழைய ஓட்டுக்குள் பிற்காலத்தில் உண்டான நறுக்குப் பெயர்ச்சியாகவே கருதுவோரும் உளர்.

இங்கு எச்சரிக்கை இரு திசையிலும் தேவை. மீக்காரப் பாறை இருப்பதாலேயே ஒரு தொகுதி ஓபியோலைட் ஆகிவிடாது. சேலத்தின் மேக்னசைட் குன்றுகளிலும் டியூனைட் உண்டு. கண்ட ஓட்டுக்குள் புகுந்த மாக்மா அறையின் அடியிலும் அத்தகைய பாறை படியும். மறுபுறம், டைக் வரிசை முழுமையாகத் தெரியவில்லை என்பதற்காக ஒரு தொகுதியை மறுப்பதும் லிகுரியா கற்பித்த பாடத்துக்கு முரணாகும். வேதிக் கைரேகையும் தனித்து நின்று தீர்ப்பளிக்க இயலாது. கண்ட ஓட்டின் வழியே மேலேறும் மாக்மா அவ்வோட்டைக் கரைத்துக் கலந்தால், தோரியம் மிகுந்து நியோபியம் குறைந்த அதே வடிவம் அமிழ்தல் இன்றியும் தோன்றக்கூடும்.

தென்னிந்தியாவில் மேலும் ஓர் இடர் உண்டு. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுக்கு முன் இப்பகுதி மிகுவெப்ப உருமாற்றத்துக்கு உள்ளாகி, லாவாவின் தலையணை வடிவங்களும் டைக்குகளின் உறைவிளிம்புகளும் போன்ற நுண்தடங்கள் பெரிதும் அழிந்தன. ட்ரூடோஸில் கண்ணால் எண்ணப்பட்டவற்றை இங்குச் சிர்க்கான் மணியின் உள்ளே தேடவேண்டியுள்ளது: மணியின் நடுப்பகுதி மாக்மா உறைந்த காலத்தையும், அதைச் சூழ்ந்த விளிம்பு உருமாற்றத்தின் காலத்தையும் தனித்தனியே பதிந்து வைத்திருக்கிறது. இரண்டையும் பிரித்து அளந்த வயதுகளே மணமேடும் தேவனூரும் எந்தக் கடலுக்கு உரியவை என்பதை முடிவுசெய்யப் பயன்படும்.